கொள்முதல் கோமான் மெய்க்கீர்த்தி

சகல பொருள் சம்பன்னரும், தள்ளுபடிக் காலத் தளபதியும், தவணை தவறாத தீரரும், அட்டைப் பெட்டிகளின் அதிபதியும், மயூர் விஹார் மூன்றாம் மாடிச் சமஸ்தானத்தின் ஏகச் சக்கரவர்த்தியுமாகிய தங்கள் திருச்சமூகத்துக்கு, கிழக்கு தில்லியில் தங்கள் நிழலில் ஒதுங்கி வாழும் எளியேன் வணங்கி எழுதிக்கொள்ளும் மெய்க்கீர்த்தி இது. மன்னர்களின் வெற்றிகளைக் கல்லில் வெட்டி வைத்த மரபில் வந்தவர்கள் நாம். தங்கள் வெற்றிகளையும் கல்லில்தான் வெட்டியிருக்க வேண்டும். கல்லை வைக்கத் தங்கள் இல்லத்தில் இடமில்லாத காரணத்தால் தாளில் எழுதத் துணிந்தேன்.

முதலில் குலப்பெருமை. தங்கள் தந்தையார் மத்திய சர்க்கார் உத்தியோகம் ஏற்கத் தலைநகருக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது கொண்டுவந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், ஒரு கூஜா. கரோல் பாகில் மொட்டை மாடியில் ஒற்றை அறைப் பர்சாத்தி. அந்த ஒற்றை அறையில், வேலை தேடி ஊரிலிருந்து வந்தவன், நேர்முகத் தேர்வுக்கு வந்தவன், காசிக்குப் போகும் வழியில் இறங்கிய பெரியம்மா என்று எத்தனை பேர் வந்தாலும் பாய் விரிக்க இடமிருந்தது என்று முதியவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு பெரிய நிர்வாகக் குறைபாடு! தாங்கள் பட்டத்துக்கு வந்ததும் அந்தக் குறை அடியோடு நீங்கியது. இன்று தங்கள் மூன்று படுக்கையறை அரண்மனையில் ஒரு பாயை முழுசாக விரிக்க எவராலும் முடியாது. பாயும் இருக்கிறது, நான்கு இருக்கின்றன. அவை அலமாரியின் மேல் சுருண்டு, தங்கள் ஆட்சியின் அமைதியை அனுபவித்துக்கொண்டிருக்கின்றன.

தெய்வங்களைப் பாதாதிகேசம் பாடுவது வழக்கம். தங்கள் அரண்மனையையும் அடியிலிருந்து தொடங்குகிறேன். அடித்தளத்தில் விளங்குவது பாக்ஸ் பெட் எனும் புதையல் கட்டில். மற்ற தேசத்தார் கட்டிலின் மேல் உறங்குவதோடு மனநிறைவு கொள்கிறார்கள். தாங்களோ தங்கள் சொத்தின் மீதே சயனிக்கிறீர்கள். மெத்தையைத் தூக்கினால் ரஜாய்கள், ரஜாய்க்கு அடியில் கம்பளிகள், கம்பளிக்கு அடியில் யாரோ எப்போதோ பரிசளித்த படுக்கை விரிப்புகள், எல்லாவற்றுக்கும் அடியில் உறை பிரிக்காத விருந்துக் கிண்ண வரிசை ஒன்று. அக்கிண்ணங்கள் இதுவரை எந்த விருந்தாளியின் உதட்டாலும் களங்கப்பட்டதில்லை. அவற்றை எடுக்க வேண்டுமானால் மெத்தையை இருவர் பிடிக்க வேண்டும். அதற்குள் விருந்தாளி காப்பியைக் காகிதக் குவளையில் குடித்துவிட்டுப் புறப்பட்டிருப்பார். கற்பு நெறியில் தங்கள் கிண்ணங்களுக்கு நிகர் எவருமில்லை.

சற்றே மேலே வருகிறேன். 1957-இல் தோன்றிய தில்லி வளர்ச்சி ஆணையம் நடுத்தர மக்களுக்கு வீடு கட்டியபோது, காற்றும் வெயிலும் வரட்டும் என்று பால்கனி வைத்துக் கொடுத்தது. காற்றையும் வெயிலையும் யாராவது விலைகொடுத்து வாங்குவார்களா? ரசீது இல்லாத பொருளுக்கு வீட்டில் இடம் கொடுக்கலாமா? தாங்கள் அதைக் கம்பியாலும் கண்ணாடியாலும் அடைத்தீர்கள். இன்று அங்கே பழைய கூலர், புதிய கூலர், புதிய கூலர் வந்த பெட்டி, ஹீட்டர், மகனின் மூன்று சக்கர வண்டி ஆகியவை கொலுவிருக்கின்றன. மகனுக்கு இப்போது வேலை பெங்களூரில். மார்கழி மாதத்து இளவெயிலுக்காக மொத்தத் தில்லியும் ஏங்கித் தெருவில் நாற்காலி போட்டு உட்காரும்போது, தங்கள் வீட்டில் அந்த வெயிலை முதலில் அனுபவிக்கும் பாக்கியம் கூலருக்குத்தான்.

அடைத்த அந்தப் பால்கனிக்கு நடுவே, இரு பக்கமும் துணி தொங்க, அசையாமல் நிற்கிறது தங்கள் ட்ரெட்மில். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் நுழைந்த ஔவையார், ஒரு கீறலும் விழாமல் எண்ணெய் மினுமினுக்க அழகழகாய் அடுக்கியிருந்த ஆயுதங்களைக் கண்டு எவ்வளவு வியந்து பாராட்டினாரோ, அதே வியப்போடு நானும் பாராட்டுகிறேன். ட்ரெட்மில்லில் தேய்மானம் இல்லை. கிடாரின் தந்தியில் விரல் பட்டதில்லை. தையல் மெஷினின் ஊசி இன்னும் காகித உறையில். மாதத் தவணை மட்டும் மாதந்தவறாமல் ஓடி ஓடித் தங்கள் இல்லத்தில் உடற்பயிற்சி நிகழ்வதை உறுதிப்படுத்துகிறது.

சமையலறை மாட்சியை எழுத ஏடு போதாது. மிக்ஸி, அதற்கு ஓய்வளிக்க ஹேண்டி கிரைண்டர், அதற்குத் துணையாக ஜூஸர், எண்ணெயைத் தவிர்க்க ஏர் பிரையர், ஏர் பிரையரில் பஜ்ஜி சரியாக வராததால் புது வாணலி. மடித்த கேரி பேக்குகளுக்கென்று ஒரு கேரி பேக், அது நிறைந்ததும் இன்னொன்று. மேல் தட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கும் டப்பாக்களுக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்தில் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் நெருக்கி அமர்ந்திருக்கிறார்கள். செல்வத்துக்கு அதிபதியான அந்த அம்மையாருக்கே கால் நீட்ட இடம் விடாத வீட்டில்தான் செல்வம் உண்மையாக நிறைந்திருக்கிறது என்பதை இதைவிட எப்படி நிரூபிப்பது!

இனி திக்விஜயம். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகளைக் குவியலிலிருந்து மீட்டெடுத்த வீரம் தங்களுடையது. கீர்த்தி நகர் மரச்சாமான் வீதியையும் நேரு பிளேஸின் வயர் கடைகளையும் சாகேத்தின் வணிக வளாகங்களையும் கப்பம் கட்ட வைத்தீர்கள்; கப்பத்தைத் தாங்களே கட்டினீர்கள் என்பது தங்கள் கருணைக்குச் சான்று. தன்தேரஸ் நாளில் ஒரு துளி உலோகமாவது வாங்க வேண்டும் என்பது வடநாட்டு வழக்கம். தாங்கள் அட்சய திருதியையோடு வந்தவர். இரண்டு மரபையும் போற்றுகிறீர்கள். தெற்குக்கு ஒரு நகை, வடக்குக்கு ஒரு குக்கர். தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்க, தாங்கள் அதைக் கடன் அட்டையில் தேய்த்துச் சாதித்துவிட்டீர்கள்.

இப்போதோ போருக்குப் புறப்படும் சிரமமும் இல்லை. விரலை அசைத்தால் பத்து நிமிடத்தில் திறை வந்து சேர்கிறது. மே மாதத்து அனலில், 45 டிகிரி வெயிலில், தலைக்கவசத்துக்குள் வியர்வை வழிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறி ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். கையில் ஒரு கட்டு கொத்தமல்லி. கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர் கொத்தமல்லியைக் காய்கறியோடு இலவசமாகவே தருகிறார். ஆனாலும் இலவசத்தில் என்ன கௌரவம்? அவன் தண்ணீர் கேட்கும் முன்பே தாங்கள் கதவைச் சாத்திவிடுவது அவனுடைய பொன்னான நேரத்தை மதிப்பதால்தான் என்பதை நான் அறிவேன்.

இப்படி வாங்குவதில் மட்டுமா மேன்மை? கழிப்பதிலும் தாங்களே முதல்வர். தீபாவளிக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கி வெள்ளையடிப்பது இவ்வூர் வழக்கம். போகியன்று பழையதைக் கழிப்பது நம்மூர் வழக்கம். இரண்டுக்கும் இடையில் ஜப்பானிலிருந்து மாரி கொண்டோ அம்மையாரின் நூல் வந்தது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் உபதேசம். தாங்கள் அந்நூலை ஆழ்ந்து நேசித்தீர்கள். தங்களிடம் ஒன்று, இல்லத்தரசியாரிடம் ஒன்று, தள்ளுபடியில் இன்னொன்று என மூன்று பிரதிகள். உபதேசத்தைச் செயலாக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கினீர்கள். பெட்டிகளை அடுக்க இரும்பு அலமாரி வாங்கினீர்கள். எந்தப் பெட்டியில் எது என்று ஒட்டச் சீட்டு அச்சிடும் கருவி வாங்கினீர்கள். அலமாரி வைக்க இடம் வேண்டுமென்று, தங்கள் தந்தையாரின் டிரங்குப் பெட்டியை நன்றி சொல்லி அனுப்பினீர்கள். மகிழ்ச்சி தராத பொருளை இனங்காணும் தங்கள் கண்ணே கண்!

தானத்தில் தாங்கள் கர்ணனை நாணச் செய்தவர். தீபாவளிக்கு வந்த சோன்பப்டிப் பெட்டியைப் பிரிக்காமலே அடுத்தவருக்கு அளித்து, அவர் அதை அடுத்தவருக்கு அளிக்க, தலைநகரம் முழுவதும் தானம் சக்கரமாகச் சுழல வழிவகுத்தீர்கள். சுடாத இஸ்திரிப் பெட்டியையும் அரைக்காத மிக்ஸியையும் வேலைக்கு வரும் அம்மாளுக்கு மனமுவந்து கொடுத்தீர்கள்; அவற்றைத் தலையில் சுமந்து இறங்கிய அந்த அம்மாள் இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது நன்றியுணர்வு இல்லையே என்று மனம் வருந்தினீர்கள். இதே தில்லியில் 1999-இல் அன்ஷு குப்தா என்பவர் தம் வீட்டிலிருந்த 67 துணிகளோடு கூஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார்; கொடுப்பவரின் தாராளத்தைவிட வாங்குபவரின் மானமே பெரிது என்று சொல்லி, 2015-இல் மகசேசே விருதும் பெற்றார். வெறும் 67! தங்கள் பாக்ஸ் பெட்டின் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. வெள்ள நிவாரணத்துக்கென்று தாங்கள் கூஞ்சுக்கு அனுப்பிய மூட்டையில் பொத்தான் இல்லாத சட்டையும், எலாஸ்டிக் தளர்ந்த உள்ளாடையும், ஒற்றைக் கால் சாக்ஸும் இருந்தன. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் பொத்தானைத் தாமே தைத்துக்கொண்டு சுயசார்பு கற்கட்டும் என்னும் தொலைநோக்கு அதில் தெரிந்தது.

ரகுபீர் நகரைத் தாங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. புத்தம்புது எவர்சில்வர் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போய், பாத்திரத்துக்குப் பதில் பழந்துணி வாங்கிவரும் பெண்கள், விடியும் முன்பே அங்கே சந்தை கூட்டி அந்தத் துணிகளை விற்கிறார்கள். எட்டுப் புடவைக்கு ஒரு சிறு கிண்ணம் போதாது, இன்னும் பெரியதாகக் கொடு என்று அவர்களில் ஒருவரிடம் தங்கள் இல்லத்தரசியார் அரை மணி நேரம் பேரம் பேசி வென்றதை நான் கண்டேன். பின்னர் அந்தக் கிண்ணம் பாக்ஸ் பெட்டுக்குள் போனதையும் கண்டேன்.

இனி தங்கள் புகழின் சிகரம். நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே சிகரம்தான். தங்கள் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பாருங்கள். காஜிப்பூர்! குதுப் மினாரை ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் வளர்த்து, மேல் நிலைகளை ஃபிரோஸ் ஷா துக்ளக் முடித்துவைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கிடைத்த உயரம் 73 மீட்டர். காஜிப்பூரில் 1984-இல் குப்பை கொட்டத் தொடங்கினோம். 2002-இலேயே நிறைந்துவிட்டது, இனிக் கொட்டக்கூடாது என்று கணக்கு சொல்லியும் தளராமல் கொட்டி, 2019 வாக்கில் 65 மீட்டர் எட்டினோம். கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கொத்தன் இல்லை. ஆளுக்கு ஒரு கவர் என்று ஒவ்வொரு குடும்பமும் சேர்ந்து எழுப்பிய கீர்த்தி ஸ்தம்பம். தலைநகரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11,000 டன் குப்பை ஈன்றெடுக்கிறது. பல்ஸ்வாவில் ஒரு மலை, ஓக்லாவில் ஒரு மலை, காஜிப்பூரில் ஒரு மலை. மலையே இல்லாத சமவெளியில் மூன்று மலை படைத்த தங்கள் தலைமுறையை இமயவரம்பன் கண்டால் வில்லைக் கீழே போட்டுவிடுவான்.

2017 செப்டம்பர் 1 அன்று அந்த மலையின் ஒரு பகுதி சரிந்தது. சாலையில் போனவர்களையும் வண்டிகளையும் பக்கத்துக் கால்வாய்க்குள் தள்ளியது. இருவர் இறந்தார்கள். 2022-இல் அதே மலை தீப்பிடித்துப் புகைந்தது. குடிமக்கள் கலங்கினார்கள். தாங்கள் கலங்கவில்லை. ஜன்னலை இறுகச் சாத்திவிட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கினீர்கள். அது வந்த அட்டைப் பெட்டியும், பெட்டிக்குள்ளிருந்த தெர்மாகோலும், தெர்மாகோலைச் சுற்றியிருந்த பாலித்தீனும் மறுநாள் காலை எங்கே புறப்பட்டுப் போயின என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இத்தனை அழகாக நோயையும் மருந்தையும் ஒரே வட்டத்தில் இணைத்தவர் எந்தச் சித்தர்!

சீலம்பூரில் தங்கள் பழைய கணினிக்கும் கைப்பேசிகளுக்கும் மறுபிறவி உண்டு. சிறுவர்கள் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள்; பலகையை அமிலத்தில் நனைத்துத் தங்கம் எடுப்பார்கள்; அமிலத்தைக் கையாலும் புகையை மூச்சாலும் வாங்கிக்கொள்வார்கள். கைப்பேசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, புதிய மாடலில் கேமரா ஒன்று கூடுதல் என்பதற்காகத் தாங்கள் அதைத் துறந்திராவிட்டால் அந்தச் சிறுவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள்? பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.

கழித்தல் கலையில் தங்களுக்கு வழிகாட்டிய பெரியோரையும் வணங்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் 1985 முதல் பயன்படுத்தாமல் வைத்திருந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை 2010 பிப்ரவரியில் ஏலத்தில் கழித்துவிட்டது. இடம் காலியாயிற்று. மாயாபுரி இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளேயிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தொழிலாளி ஒருவர் ஏப்ரலில் இறந்தார். நம் வாசலைத் தாண்டியதும் ஒரு பொருள் இல்லாமலே போய்விடுகிறது என்ற மெய்ஞ்ஞானம் பல்கலைக்கழகத்திலும் விளங்குகிறது, தங்கள் மூன்றாம் மாடியிலும் விளங்குகிறது. படித்தவர் படிக்காதவர் பேதமின்றி ஞானம் பரவுவதைவிட வேறென்ன பெருமை ஒரு நகரத்துக்கு!

இந்நகரத்தில் தங்களுக்கு முன் வாழ்ந்த சிலரோடு ஒப்பிட்டால் தங்கள் உயரம் இன்னும் தெளிவாகும். 1650 வாக்கில் சாந்தினி சௌக் கடைவீதியை வடிவமைக்கச் செய்தவர் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா. சூரத் துறைமுகத்தின் வருமானம் அவருடையது. உலகத்துச் சரக்கெல்லாம் வந்து குவியும் சந்தையை உண்டாக்கிய அந்தப் பெருஞ்செல்வர் 1681-இல் கண்மூடியபோது தமக்கென்று கேட்டது நிஜாமுதீனில் கூரையில்லாத ஒரு சமாதியும், மேலே மூடப் பசும்புல்லும்தான். சந்தையையே உருவாக்கியவருக்கு வாங்கத் தெரியவில்லை! அதே சாந்தினி சௌக்கின் முகப்பில், செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர சமணரின் லால் மந்திர் நிற்கிறது. மயிற்பீலியும் கமண்டலமும் தவிர, உடுக்கும் துணிகூட வேண்டாமென்று துறந்த முனிவர்களின் மரபு அது. அவர்கள் வாசலில் தள்ளுபடி விற்பனை நடக்கிறது. ஒருவரும் உள்ளிருந்து எட்டிப் பார்ப்பதில்லை.

ஜனவரி 30 சாலையில் இருக்கும் வீட்டையும் பாருங்கள். காந்தியடிகள் தம் கடைசி 144 நாட்களை வாழ்ந்த அறை அங்கே அப்படியே இருக்கிறது. தரையில் மெத்தை, சாய்ந்து எழுதத் தாழ்ந்த மேசை, ராட்டை, கண்ணாடி, கைத்தடி. தேசம் முழுவதும் அவரைத் தேடி அந்த அறைக்கு வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் உட்கார இடமிருந்தது. தாங்கள் ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தீர்கள். வெளியே வந்ததும் ராட்டை உருவம் பொறித்த சாவிக்கொத்து ஆறு வாங்கினீர்கள்.

இத்தனை புகழுக்கும் ஓர் அபாயம் சூழ்ந்திருப்பதைப் பணிவோடு எச்சரிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். போதும் என்ற சொல் தங்கள் குடியிருப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டது. தரைத்தளத்து ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கவனியுங்கள். சுவரில் துளை போட அவர் டிரில்லிங் மெஷின் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது அரைமணி நேரம் பேசிவிட்டு வருகிறார். செருப்பு அறுந்தால் தைக்கிறார். ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதம் பொறுக்கிறார். பெரும்பாலும் மாத முடிவில் அது என்னவென்றே மறந்துவிடுகிறது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று அதற்கு உரியவரிடம் போய்ச் சேருகிறது. அவர் வீட்டில் கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று, அது இருக்குமிடம் பேத்திக்கும் தெரியும். பால்கனியில் வெயில் விழுகிறது. மத்தியானம் தூக்கம் வருகிறது. மாதக் கடைசியில் கையில் பணம் மிஞ்சுகிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் பாய் விரிக்கிறார்.

இந்த நோய் தொற்றக்கூடியது. இதற்கு முதல் அறிகுறி, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும் முன் விரல் ஒரு கணம் தயங்கி, இது இல்லாமல் நேற்றுவரை எப்படி இருந்தோம் என்று மனம் கேட்பது. கேட்டால் பதில் வந்துவிடும்: நன்றாகத்தான் இருந்தோம். அந்தப் பதிலை அனுமதித்தால் கடைவீதி என்னாவது, தவணை நிறுவனங்கள் என்னாவது, காஜிப்பூர் குதுப் மினாரை எட்டுவதற்கு 2019-இல் பாக்கியிருந்த 8 மீட்டர் என்னாவது? 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் மலைகளைக் கரைக்கச் சொல்லிவிட்டது. இயந்திரங்கள் ஒரு பக்கம் கரைத்துக்கொண்டிருக்கின்றன. மறுபக்கம் தாங்கள் ஒருவர் தளர்ந்தாலும் ஈடுசெய்ய ஆளில்லை.

ஆகவே வாழ்க தங்கள் விரல்! வளர்க தங்கள் பரண்! தங்கள் கட்டில் வயிறு நிறைந்து, தங்கள் பால்கனி இருண்டு, வந்த உறவினர் நின்றபடியே விடைபெற்று, தாங்கள் தேடும் எந்தப் பொருளும் தேடும் வேளையில் அகப்படாமல், அதனால் அதையே மறுபடியும் வாங்கி, நூறாண்டு நிறைவின்றி வாழ வேண்டுமென்று மலைமந்திர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். கோவணத்தோடு மலையேறிய ஆண்டி அவன். இந்த விண்ணப்பத்தின் அருமை அவனுக்கு நன்றாகப் புரியும்.